சோபாவுக்குள் பூரான்

என் ஆறு வயது மகளிடம் ஒரு பொய் சொன்னேன். நான் கொன்றவற்றை, நாங்கள் வாடகைக்கிருந்த வீட்டின் சொந்தக்காரி கொன்றதாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு மகள்மேல் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம் என்பதும் தெரியும். தெரிந்தே சொன்னேன். செத்தவை வண்டுகள்தானே என்று இதை வாசிக்கும் என் வயதுக்காரர்கள் சிலர் சிரிக்கக்கூடும். முதலில் நானும் சிரித்துத்தான் சமாளித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஓர் இரண்டடுக்கு வீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். உங்களில் பலர் அதே தெருக்களில்தான் அப்போது இருந்தீர்கள். காலையில் தொழிற்சாலைக்குப் போகும் பஸ்ஸில் பாதிப் பேர் நம்மவர்கள். ஊரில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்த நான், இங்கே ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். மனைவி தையல் தொழிற்சாலைக்குப் போனாள். அவளுடைய தம்பி, என் மச்சான், எங்கள் வரவேற்பறையில் படுத்தெழும்பி உணவகத்தில் வேலை செய்தான். அவன் ஊரில் என்னிடம் படித்தவன். இந்த ஒரு விவரத்தை மறந்துவிடாதீர்கள்; நடந்ததில் பாதிக்கு அதுதான் காரணம்.

கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரி இருந்தார். ஐம்பதைத் தாண்டிய கியூபெக் பெண், தனியாள், ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை. பிரெஞ்சைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். வாயில் எப்போதும் ஒரு சிகரெட் இருக்கும். நாங்கள் அவரை 'மதாம்' என்றே அழைத்தோம். எங்கள் பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மகள்தான். குழாய் ஒழுகுகிறது, வாடகை நாளைக்கு, மேலே ஏன் மிளகாய் வறுக்கிறீர்கள், தும்மல் வருகிறது என்று எல்லாமே அந்த ஆறு வயது வாய் வழியாகத்தான் மேலும் கீழும் போய் வந்தன. மகளுக்கு அதில் பெருமை. தகவல் இல்லாத நாளிலும் கீழே போய் மதாமின் சமையலறை மேசையில் ஏறி உட்கார்ந்து கதைத்துவிட்டு வருவாள். வரும்போது உடுப்பில் சிகரெட் மணக்கும். மனைவி மூக்கைச் சுளிப்பாள்.

பின்வளவை மதாம் அதன்பாட்டில் விட்டிருந்தார். பக்கத்து வீட்டார் வாரம் தவறாமல் புல்லை மழித்தார்கள். இவருடைய வளவில் மூன்றிலைக் குளோவர் வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். வேலியோரம் காட்டுச் செடிகள் இடுப்புயரத்துக்கு நிற்கும். கோடை முடிவில் அவை மஞ்சள் கதிர்களும் ஊதாச் சிறுபூக்களுமாக மாறும். வெயிலேறினால் குளோவரிலிருந்து லேசான தேன்வாசம் எழுந்து எங்கள் பல்கனி வரை வரும். அந்த வேலியோரத்திலேயே மனைவி பிளாஸ்டிக் வாளிகளில் கத்தரியும் தக்காளியும் வைத்திருந்தாள்.

இனி சோபா. ஜூலை முதலாம் திகதி மொன்றியலே வீடு மாறுவது உங்களுக்குத் தெரியும். அன்று தெருவோரத்தில் கிடைக்காத பொருளில்லை. முதல் வருட ஜூலையில் நானும் மச்சானும் ஒரு பச்சை வெல்வெட் சோபாவைக் கண்டோம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். இரண்டு தெரு தூரம் சுமந்து வந்தோம். வீட்டின் பின்படிக்கட்டு வளைவில் அது திரும்ப மறுத்துவிட்டது. நிமிர்த்திப் பார்த்தோம், கவிழ்த்துப் பார்த்தோம். கடைசியில் படிக்கட்டுக்குக் கீழேயே தள்ளிவைத்தோம். மதாம் எட்டிப் பார்த்தார். "பா கிராவ்," பரவாயில்லை என்று புகையை ஊதிவிட்டு உள்ளே போய்விட்டார்.

குளிர்காலம் முழுதும் அது அங்கேயே கிடந்தது. எலி ஏதோ கைப்பிடியைக் கிழித்து, உள்ளிருந்த பஞ்சில் குட்டி போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். பனி கரைந்தபின் மகள் அந்தச் சோபாவைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். படிக்கட்டுப் பலகைகளின் இடைவெளியால் வெயில் கோடு கோடாக விழும். அந்தக் கோடுகளுக்குள் கால்களை மடக்கி உட்கார்ந்து தனக்குத்தானே பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருப்பாள். ஜூன் மாதத்தில் ஒருநாள், "அப்பா, சோபா முணுமுணுக்குது," என்றாள். "ஓமோ? என்ன சொல்லுதாம்?" என்று கேட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். வேலைக் களைப்பில் பிள்ளைகள் சொன்ன எத்தனையை அப்படி விட்டிருப்போம்!

பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டு ஓரிரு வாரத்தில், ஒரு சனிக்கிழமை. மனைவி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மச்சான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். மகள் படியேறி ஓடிவந்தாள்.

"அப்பா, சோபாவுக்குள்ள பூர்தோன்! கனக்கப் பூர்தோன்!"

"என்ன? பூரானோ?"

"ஓம், பூர்தோன்! நான் கை வச்சுப் பாத்தன். உள்ளுக்குச் சூடா இருக்கு."

"ஐயோ, கை வச்சனியோ!" மனைவி அகப்பையைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்தாள். "எங்க, கையைக் காட்டு. கடிச்சதோ?"

"இல்லையம்மா. அது சும்மா நடந்து போகும். கனக்கக் கால் இருக்கு."

கனக்கக் கால். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? சிறுவயதில் பூரான் கடித்து, வீங்கிய காலோடு நாட்கணக்கில் படுத்திருந்தவன் நான். அந்த எரிவு எனக்கு இன்றும் தெரியும்.

"கனடாவில பூரான் இருக்கோ அத்தான்?" என்று மச்சான் கேட்டான்.

"ஏன் இல்லாமல்? சூடான இடத்தில எங்கயும் இருக்கும்."

"சேர் சொன்னால் சரிதான். ஆத்திரப்போடா படிப்பிச்ச ஆளெல்லோ."

எங்கள் பாடப்புத்தகத்தில் கணுக்காலிகளுக்கு அந்தப் பெயர்தான் இருந்தது: ஆத்திரப்போடா. வகுப்பில் நான் அதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் பின்வரிசை வாங்கிலில் ஒருவன் "ஆத்திரமோ? போடா!" என்பான். அந்த ஒருவன் இவன்தான்.

மனைவி மகளைக் குளியலறைக்குள் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். "பூரான் கிட்டப் போகக்கூடாது பிள்ளை," என்று அவள் சொல்ல, தான் சொன்ன சொல்லைத் தாய் கொஞ்சம் பிழையாக உச்சரிக்கிறாள் என்று நினைத்து உள்ளே மகள் சிரிப்பது கேட்டது. நான் பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, துணியால் பிடித்து, மச்சானையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கைப்பிடியின் கிழிசலுக்குள் பானையின் பாதியை ஊற்றினேன். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு பெரிய இரைச்சல் எழுந்து சட்டென்று தாழ்ந்தது. பிறகு அவை வெளியே வந்தன. மஞ்சளும் கறுப்புமாக, விரலின் நுனிக்கணு அளவில், உடம்பெல்லாம் அடர்ந்த மயிரோடு. நனைந்த மயிர் ஒட்டிப்போய் வெல்வெட்டில் ஊர்ந்தன. சில பறக்கப் பார்த்து விழுந்தன.

"அத்தான், இது பூரான் இல்லை. இது வண்டு."

எனக்கும் தெரிந்தது. யாருக்குத்தான் தெரியாது? பானையில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். உள்ளே கொஞ்சமாவது தப்பியிருக்கும்.

"குளவி," என்றேன். "குளவியும் கூடாதுதான். பிள்ளைக்குக் குத்தினால்?"

அது குளவியும் அல்ல என்பது எனக்கே தெரியும். என் பழைய மாணவன் பார்த்துக்கொண்டிருந்தான். மீதியையும் ஊற்றினேன். இருவருமாக நனைந்த சோபாவைத் தூக்கித் தெருவோரத்தில் போட்டோம். குப்பை லொறி அதைக் கொண்டுபோய்விட்டது.

மறுநாள் மகள் கையில் ஒரு படத்தோடு பின்படியில் இறங்கினாள். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, சோபா எங்க?"

அவளுடைய படத்தை வாங்கிப் பார்த்தேன். உருண்டையான ஒரு வண்டு, மஞ்சள் மயிர், சிரித்த வாய். ஆறு கால்களையும் கவனமாக வரைந்திருந்தாள். கீழே பிரெஞ்சில் பெயர். எழுத்துக் கூட்டி வாசித்தேன். பூர்தோன். விலங்கியல் ஆசிரியரான நான் சமையலறையில் நின்று ஆறுவரை எண்ணினேன்.

"இவை கடிக்காதோ?"

"கடிக்காது. பூவுக்குப் போய் மா மாதிரித் தூள் எடுத்துக்கொண்டு வரும். பின்னங்காலில மஞ்சள் மூட்டை இருக்கும். வகுப்பில சொன்னவை." பிறகு மறுபடியும் கேட்டாள். "சோபா எங்க அப்பா?"

"மதாம் எறிஞ்சுபோட்டா," என்றேன். வாய் தானாகவே சொன்னது. "உள்ளுக்கு வண்டு இருக்கெண்டு சுடுதண்ணி ஊத்தினவ. அவவுக்கு உதுகளைப் பிடிக்காது."

அவள் அழவில்லை. படத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

மச்சான் மெதுவாகக் கேட்டான். "ஏன் அத்தான் அந்த மனிசியின்ர தலையில போட்டனீங்கள்?"

"சின்னப் பிள்ளை. ரெண்டு நாளில மறந்திடும்."

மறக்கவில்லை. அடுத்தநாள் முதல் அவள் கீழே போவதை விட்டாள். மதாம் படியடியில் நின்று கூப்பிட்டால் என் காலுக்குப் பின்னால் போய் நிற்பாள். ஒருநாள் மதாம் ஒரு கிண்ணத்தில் ராஸ்பெரிப் பழம் கொண்டுவந்து நீட்டினார். மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மதாம் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாதுதான். ஆனாலும் நெஞ்சில் கைவைத்து, புருவத்தைத் தூக்கி ஒருவர் கேட்டால், 'நான் என்ன செய்தேன்?' என்பது எந்த மொழியிலும் விளங்கும்.

"ஃபத்திகே, மதாம்," என்றேன். களைப்பு. வேலையிடத்தில் கற்ற சொல்.

அவர் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார். பழம் வெயிலில் கிடந்து ஈ மொய்த்தது.

அந்தக் கோடை எங்கள் வீட்டுக்கு வாயில்லாமல் போயிற்று. குழாய் ஒழுகினால் கையால் காட்டினேன். வாடகையைக் கதவிடுக்கில் செருகினேன். வேலியோரத்தில் மனைவியின் கத்தரிகள் நிறையப் பூத்து, பிஞ்சு பிடிக்காமல் பூவைக் கொட்டின.

"இஞ்சேருங்கோ, பூவெல்லாம் கொட்டுது. உரம் காணாதோ?"

உரம் வாங்கிப் போட்டேன். பூச்சிகளைப் பற்றிய ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தை மகள் எழுத்துக்கூட்டி எனக்கு வாசித்துக்காட்டியபோதுதான், அதுவும் கோடை முடிந்தபின், விஷயம் விளங்கியது. கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் மகரந்தத்தை இலகுவில் கொடுக்காதவை. இந்த வண்டு பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவைத்து, உப்புப்போத்தலை உலுக்குவதுபோல் உலுக்கி எடுக்கும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அந்த ஒரு கூட்டை அழித்ததால்தான் பிஞ்சு பிடிக்கவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். அந்த வருடம் வெயிலும் கடுமை. ஆனால் முதல் வருடம் அண்டை வீடுகளுக்கும் கொடுக்குமளவு காய்த்த வாளிகள் அவை.

ஆகஸ்ட் கடைசியில் மதாம் என்னைப் பின்வளவில் மறித்தார். குளோவரைக் காட்டி, மெதுவாக, சொல் சொல்லாகக் கேட்டார். அதில் எனக்கு விளங்கியது ஒரே சொல். பூர்தோன். பிறகு இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துப் பயந்த பிள்ளைபோல் நடித்துக்காட்டி, மேலே எங்கள் பல்கனியைச் சுட்டினார். பிள்ளைக்கு இந்த வண்டுகள் பயமா? அதனால்தான் கீழே வருவதில்லையா?

எனக்குத் தப்ப வழி கிடைத்தது. "வி," ஆம் என்றேன். "வி, மதாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பின்வளவில் இயந்திரச் சத்தம். மதாம் யாரிடமோ புல்வெட்டி இரவல் வாங்கி, குளோவரை ஒரு பக்கத்திலிருந்து ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு பெரிய கத்தரிக்கோலால் வேலியோரச் செடிகளை. மஞ்சள் கதிர்கள் அப்போதுதான் விரிந்திருந்தன. அந்த மாதத்தில்தான் புதிய ராணிகள் பிறந்து, குளிர்காலம் மண்ணுக்குள் தனியே உறங்குவதற்காகத் தின்று கொழுக்கும் என்பதையும் அந்தப் புத்தகத்தில்தான் பின்னர் அறிந்தேன். அன்று தெரிந்ததெல்லாம், வெட்டிய செடிகளின் பச்சை வாசம் மேலே வரை வந்ததும், வெட்டி முடித்த மதாம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பல்கனியில் நின்ற மகளைப் பார்த்துக் கையை அகல விரித்துக்காட்டியதும்தான். பார், உனக்காக எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிட்டேன் என்று.

மகள் உள்ளே ஓடிவந்தாள். "அப்பா, அவ பூவையும் கொல்லுறா!"

அப்போதுதான் உடைந்தேன். நான் சொன்ன பொய்யை அந்தப் பெண் ஒன்றும் அறியாமல், அன்பினாலேயே, உண்மையாக்கிவிட்டார்.

தரையில் உட்கார்ந்து அவளுடைய உயரத்துக்கு வந்தேன். "பிள்ளை, சோபாவுக்குள்ள சுடுதண்ணி ஊத்தினது மதாம் இல்லை. நான்."

"நீங்களோ?"

"ஓம்."

"ஏன் மதாம் எண்டு சொன்னனீங்கள்?"

"வெக்கமாயிருந்தது."

அவள் கொஞ்சநேரம் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மதாமுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப போய்ச் சொல்லுங்கோ."

"எனக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரியாதம்மா."

"நான் சொல்லுறன். நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ."

இப்படித்தான் என் குற்றத்தை என் மகள் மொழிபெயர்த்தாள். வெட்டிய செடிகளின் நடுவே மதாம் கையுறையோடு நின்றார். நான் ஒரு வாக்கியம் சொல்வேன். மகள் அதைவிட நாலு மடங்கு நீளமாகச் சொல்வாள். நடுவில் 'மாந்தர்' என்றொரு சொல் இரண்டு தரம் கேட்டது. நல்ல தமிழ்போல இருந்ததால் மனதில் நின்றது. பொய்யன் என்று அர்த்தமாம். அதையும் பிறகு மகளே சொன்னாள். அவள் சொன்ன பூர்தோன் எனக்குப் பூரான் என்று கேட்டதைச் சொல்ல வந்தபோது, பூரானுக்கு அவளிடம் பிரெஞ்சுச் சொல் இருக்கவில்லை. நான் குனிந்து ஒரு தண்டால் மண்ணில் நீளமாகக் கோடு கீறி, இருபக்கமும் கால்கள் போட்டுக்காட்டினேன். மதாம் உற்றுப் பார்த்தார், விளங்கியதும் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. பிறகு சுற்றிலும் கிடந்த செடிகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்து மகளிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "எனக்குப் பயம் எண்டு நினைச்சுத்தான் வெட்டினவவாம். உங்களட்டக் கேட்டவவாம். நீங்கள் வி எண்டு சொன்னனீங்களாம்." நிறுத்தினாள். "அதுவும் பொய்யோ?"

"அதுவும்."

மதாம் என்னைத் திட்டவில்லை. மகளை மடியில் இழுத்து உட்காரவைத்து, அவளுடைய தலையில் நாடியை ஊன்றிக்கொண்டு வெட்டிய இடத்தையே பார்த்தபடி இருந்தார். என்னை ஒருவரும் உட்காரச் சொல்லவில்லை.

அதன்பின் என்னால் முடிந்ததைச் செய்தேன். இலையுதிர்காலத்தில் வேலியோரச் சருகைக் கூட்டாமல் விட்டோம், தப்பிய ராணி ஏதும் மண்ணுக்குள் இருந்தால் இருக்கட்டும் என்று. வெட்டிய செடிகள் வேரிலிருந்து திரும்பத் துளிர்த்தன. குளோவர் விதை வாங்கி வசந்தத்தில் தூவினேன். பழைய தலையணைப் பஞ்சை அடைத்து ஒரு மரப்பெட்டி செய்து, துளையிட்டு, படிக்கட்டின் கீழ் வைத்தேன். மே மாதத்தில் ஒரு பெரிய ராணி தாழப் பறந்து அதன் முன்னால் இரண்டு தடவை வட்டமிட்டது. உள்ளே போகவில்லை. எறும்புகள்தான் குடியேறின. மச்சான், "சேரின்ர வீட்டில வாடகைக்கு இருக்கப் பயப்பிடுதாக்கும்," என்றான். கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை.

அந்த நாட்களில் இங்கே சாதாரணமாகத் திரிந்த சில வகைகளை இப்போது காண்பதே அரிது என்று வாசிக்கிறேன். அவற்றில் ஒன்றுக்கு முதுகில் துருநிறப் பொட்டு இருக்குமாம். நான் கொன்றவற்றுக்கு அந்தப் பொட்டு இருந்ததா என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியாது. நான் பார்க்கவேயில்லை. மகள் பார்த்திருப்பாள், அவளுடைய படத்தில் அது இருந்திருக்கும். அந்தப் படம் ஏதோ ஒரு ஜூலை முதலாம் திகதி எங்களோடு வண்டியில் ஏறாமல் போய்விட்டது. கேட்டால் அவளுக்கும் ஞாபகமில்லை. அவள் பெரிய விஞ்ஞானியாகிவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். காப்புறுதி அலுவலகமொன்றில் வேலை செய்கிறாள்.

மதாமோடு அவள் அன்றே சமாதானமாகிவிட்டாள். என்னோடு அவ்வளவு சுலபமாக இல்லை. அந்தக் குளிர்காலம் முழுதும் நான் எதைச் சொன்னாலும், நாளைக்குப் பனி கொட்டும் என்றாலும்கூட, தாயின் பக்கம் திரும்பி "உண்மையோ அம்மா?" என்று கேட்பாள். மனைவி என்னைப் பார்க்காமல் "ஓம்" என்பாள்.

அடுத்த ஜூனில் குளோவர் பூத்தது. முந்திய அளவுக்கு இல்லை. படிக்கட்டருகே ஒரு பாய் விரித்தாற்போல. ஒரு சனிக்கிழமை மகள் கீழே கத்துவது கேட்டது. முதலில் மதாமின் கதவைத் தட்டி அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு படியேறி வந்தாள், மூச்சு வாங்க.

"அம்மா, வாங்கோ. பூர்தோன் வந்திருக்கு. மூண்டு. மதாமும் நிக்கிறா."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் மேசையடியில் தேநீர்க் கோப்பையோடு இருந்தேன். எழும்பவா வேண்டாமா என்று தெரியவில்லை. மகள் கதவடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் யோசிப்பது தெரிந்தது.

"அப்பாவும் வரலாம்," என்றாள். "ஆனா கையில ஒண்டும் கொண்டுவரக்கூடாது."

கோப்பையை மேசையில் வைத்தேன். இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். அவள் நன்றாகப் பார்த்தாள். பிறகு முன்னால் நடந்தாள். நான் பின்னால் படியிறங்கினேன்.